உங்கள் அம்மாவின் கல்லாவுக்கு வந்த ஸ்கேனர்

பாப்பா, தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆடி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் வைத்துவிட்டேன். சார்ஜ் தீர்ந்துபோச்சு என்று அப்புறம் மெசேஜ் அனுப்பினேன். சார்ஜ் இருந்தது. பொறுமைதான் தீர்ந்துபோயிருந்தது. “ஒரு ஸ்கேனர் செட் பண்றதுக்கு இவ்ளோ டென்ஷனாப்பா?” என்று தம்பி கேட்டதுதான் கடைசியாக என் காதில் விழுந்தது. அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் மறுபடியும் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

டென்ஷன் ஸ்கேனருக்காக இல்லை. உங்கள் அம்மாவுக்காக.

மாங்காட்டில் அம்மன் கோயில் பக்கத்தில் நம் பூஜைச் சாமான் கடையைத் திறந்த நாளிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தவள் அவள்தான். நான் சரக்கு எடுக்கப் போவேன், மூட்டை பிரிப்பேன், மேல் தட்டிலிருந்து சாமான் இறக்குவேன். வருகிறவர்களிடம் பேசுவது அவள். கோயிலுக்குப் போகிற பெண்கள் மஞ்சள் கயிறும் குங்குமமும் வாங்குவதற்காக மட்டும் நம் கடைக்கு வருவதில்லை. அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். கண் வலி தீர வேண்டும் என்று அம்மனுக்குச் சாத்தக் கண்மலர் வாங்க வருகிறவர்களுக்கு அவளே தேடி ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்து, “சரியாப்பூடும், போய்ட்டு வா” என்பாள்.

சர்க்கரை அவள் கண்ணுக்குள் போனது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். ஆள் முகம் தெரியும், நிறம் தெரியும், பாக்கெட்டு தெரியும். பாக்கெட்டின் மேல் நான் பேனாவால் எழுதி ஒட்டிய விலைதான் தெரியவில்லை. போன நவராத்திரிக் கூட்டத்தில் ஒரு விலையை மாற்றிப் படித்துவிட்டாள். வாங்க வந்த பெண்மணி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைத் தாண்டி என்னைப் பார்த்து, “கண்ணு தெரியாதவங்களக் கல்லால உக்கார வச்சிகினா இப்டித்தான் ஆவும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அங்கே உட்கார்ந்திருக்கவே இல்லை என்பது போல.

அடுத்த நாள் காலையில், “எனக்கு முட்டி வலிக்குது, நீங்க போங்க” என்றாள். அதற்கடுத்த நாளும் முட்டி வலித்தது. அப்புறம் நான் கேட்பதையே விட்டுவிட்டேன். அந்த முட்டி வலி கண்ணுக்குள் இருந்தது எனக்குத் தெரியும். வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் சாப்பிட வரும்போது, “இன்னிக்கு யார் யாரு வந்தா?” என்று கேட்பாள். அது ஒன்றுதான் கேட்பாள்.

நீங்கள் இருவரும் நல்ல மனதோடுதான் யோசனை சொன்னீர்கள். பொங்கலுக்கு வந்தபோது, பாப்பா, நீ கடை லேப்டாப்பில் பில் போடுகிற சாஃப்ட்வேரை ஏற்றினாய். தம்பி, நீ ஒவ்வொரு சாமானுக்கும் பார்கோடு தயார் செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாய். நான் அம்மாவிடம் விளக்கினேன்.

“நான் எதையும் படிக்க வேணாமா?” என்றாள்.

“வேணாம். பாக்கெட்ட காட்டுனா போதும். கீன்னு ஒரு சத்தம். கம்ப்யூட்டர்ல பேரும் வெலயும் கொட்டை கொட்டையா வரும்.”

டிவியிலிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு, “அப்ப ஆடி மொத வெள்ளிக்கு வர்றேன். சொல்லிட்டேன், பாத்துக்குங்க” என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே எனக்குப் பெரிது. ஆடி முதல் வெள்ளி. அந்தத் தேதியை அவளேதான் வைத்தாள்.

மாதிரிக்கு ஒரு தாளில் அச்செடுத்து அவளிடம் காட்டினேன். கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“மஞ்சக் கவுறு மேல கருப்புக் கோடா? இன்னாங்க நீங்க. தாலியில ஏர்ற கவுறு அது. எவளாவது வாங்குவாளா? நானே வாங்கமாட்டேன்.”

அவள் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. ஆடிப் பெருக்குக்குக் கயிறு மாற்றுகிறவர்கள் நூறு பேர் வருகிற கடை இது. கம்பெனிக்காரன் கற்பூர டப்பாவில் கருப்பாக அடித்து அனுப்புகிறான் என்றால் அது அவன் பாடு. நம் கையால் ஒட்டுகிறதில் கருப்பு வேண்டாம். “குங்குமக் கலர்ல போட்டுடலாம்” என்றேன். அவள் முகம் தெளிந்தது.

பூந்தமல்லியில் ஸ்டிக்கர் அடிக்கிற பாயிடம் பென் டிரைவை எடுத்துக்கொண்டு போனேன். “கருப்புல போட்டா பளிச்சுனு இருக்கும்ணே” என்றார்.

“எல்லாம் சுமங்கலிங்க வாங்குற சாமான் பாய். கருப்பு வேணாம்.”

“அதுவும் சரிதான். எங்க ஊட்லயும் நிக்காஹ் பத்திரிகைய கருப்புல அடிச்சா சும்மா வுடுவாங்களா? செவப்பே போட்டுர்றேன்.” சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தார்.

ஸ்டிக்கர் தாள்களையும் சாமான்களையும் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒட்டியது முழுக்க உங்கள் அம்மா. நான் ஒரு சாமானுக்கு ஒரு தாள் என்று பிரித்து வைத்துவிடுவேன். அவள் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, விரலால் தடவி இடம் பார்த்து ஒட்டுவாள். ஒன்றுகூடக் கோணல் இல்லை. சாயங்காலம் ஆனால் அதுதான் வேலை. டிவியின் சத்தம் குறைந்தது.

அதெல்லாம் முடிந்து ஆனி கடைசியில்தான் ஸ்கேனர் வந்தது. தம்பி, நீதான் ஆர்டர் போட்டிருந்தாய். பெட்டிக்குள் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான், சார்ஜ் ஒயர், கம்ப்யூட்டரில் சொருகுகிற விரல் நக அளவுக் குச்சி, லுங்கி மாதிரி மடித்த ஒரு பெரிய தாள். தாளின் இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகக் கோடுகள். ஒவ்வொன்றின் கீழும் எறும்பு ஊர்வது போல இங்கிலீஷ். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். படித்தால் புரிய வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

அந்தத் துப்பாக்கியில் பட்டன் என்று இருப்பது விசை ஒன்றுதான். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தாளில் உள்ள கோடுகளை அதற்கே காட்டித்தான் சொல்ல வேண்டுமாம். இதைக் காட்டினால் குச்சியோடு சேரும். அதைக் காட்டினால் சத்தம் குறையும். இன்னொன்றைக் காட்டினால் வாங்கிய நாளில் இருந்தது போலவே ஆகிவிடும். ஒன்றை விட்டு அடுத்ததைக் காட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எங்கேயும் எழுதவில்லை. நான் காட்டிவிட்டேன்.

என்ன ஆயிற்று என்றால், கீ என்று கத்தியது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. ஊதுபத்தி பாக்கெட்டைக் காட்டினேன். கீ. திரை காலி. மறுபடி காட்டினேன். கீ. குச்சியைப் பிடுங்கிச் சொருகினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், அதே பாக்கெட்டைக் காலை முழுதும் காட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மா தலையை நீட்டினார்.

“இன்னா அண்ணாத்தே, துப்பாக்கி வாங்கிகினு யாரச் சுடப் போற? காலைலேர்ந்து கீ கீன்னு கத்திகினே கீது.”

“ஒன்னுமில்லம்மா, நீ பூவப் பாரு.”

“நான் பூவத்தான் பாக்கறேன். சாமந்தி வாடிப்பூடுச்சு உன் சத்தத்துல.”

மத்தியானம், தம்பி, உனக்கு போன் போட்டேன். “ஸ்டோரேஜ் மோடுல போட்டுட்டீங்கப்பா. எல்லாத்தையும் உள்ளயே சேத்து வச்சிக்கும். அனுப்புறதுக்குத் தனியா ஒரு கோடு இருக்கு, அத காட்டுங்க” என்றாய். காட்டினேன். அவ்வளவு நேரமும் நான் காட்டியது மொத்தமும் அணை உடைந்த மாதிரித் திரையில் கொட்டியது. ஊதுபத்தி, ஊதுபத்தி, ஊதுபத்தி. நிற்கவே இல்லை. அதற்குள் பிரிண்டரும் நீளமாக ஒரு பில்லைக் கக்கிவிட்டது. எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பூக்கார அம்மா அதன் நுனியைப் பிடித்துப் பார்த்தார்.

“யாரு அண்ணாத்தே இம்மாம் ஊதுபத்தி வாங்குனது? கோயிலையே பொகையில மூடப் போறாங்களா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து நடுவில் சின்னதாக ஜன்னல் வெட்டினேன். தாளின் மேல் அதை வைத்தால் ஒரு கோடு மட்டும் தெரியும், பக்கத்துக் கோடுகள் மறைந்துவிடும். இந்த யோசனை எனக்குத் தானாக வந்தது. அந்த வாரத்தில் உருப்படியாக வந்த ஒரே யோசனை. அதை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டிச் சரி செய்தேன். ஊதுபத்தியைக் காட்டினால் ஊதுபத்தி என்று ஒரு வரி வந்தது. கற்பூரம் வந்தது. தீப்பெட்டி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

பிறகு, அம்மா ஒட்டிய மஞ்சள் கயிறு பாக்கெட்டைக் காட்டினேன்.

சத்தம் வரவில்லை. விசையை அழுத்தினால் சிவப்பு வெளிச்சம் ஸ்டிக்கர் மேல் விழும், கொஞ்ச நேரம் நிற்கும், அணைந்துவிடும். குங்குமத்தைக் காட்டினேன். இல்லை. வளையல், திரி, கண்மலர். இல்லை, இல்லை, இல்லை. கிட்டே வைத்தேன், தள்ளி வைத்தேன், சாய்த்தேன், ஸ்கேனரின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தேன். பக்கத்திலிருந்த கற்பூர டப்பாவைக் காட்டினால் உடனே கீ என்கிறது. நம் பாக்கெட்டுக்கு ஊமையாகிவிடுகிறது. கடையில் யாரோ வெளியூர்க்காரன் கம்பெனியில் அடித்ததெல்லாம் அதற்குத் தெரிகிறது. உங்கள் அம்மா கையால் ஒட்டியது மட்டும் தெரியவில்லை. எனக்கு ஏறிய கோபத்தில் அதைத் தரையில் அடித்திருப்பேன். உன் காசு என்று விட்டேன், தம்பி.

அந்த ஞாயிறு சாயங்காலம் லேப்டாப், ஸ்கேனர், தாள் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துவந்து உங்கள் இருவரையும் கூப்பிட்டேன். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். பாப்பா, நீ லேபிளைக் காமிராவில் காட்டச் சொன்னாய். “கலர் சூப்பரா இருக்குப்பா” என்றாய். தம்பி, நீ கோடு ஒன் ட்வென்ட்டி எய்ட் என்று ஏதோ ஒரு பார்கோடு வகையைத் தாளில் தேடச் சொன்னாய். தேடினேன். அதைக் காட்டினேன். ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னாய். அழித்ததும் குச்சியோடு இருந்த உறவும் அறுந்துவிட்டது. கற்பூரம்கூட வராமல் போய்விட்டது. மறுபடி சேர்த்தேன். கற்பூரம் வந்தது, கயிறு வரவில்லை. கடைசியில் என் போனில் ஏதோ ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, அதில் லேபிளைக் காட்டச் சொன்னாய். போன் ஒரே நொடியில் படித்துவிட்டது.

“பாத்தீங்களா? லேபிள் கரெக்ட்டாதாம்பா இருக்கு. நீங்கதான் செட்டிங்ல எதையோ தட்டிட்டீங்க.”

நீங்கள் பார்க்காத பாதி இது. உங்கள் அம்மா சமையற்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கை விரலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக என்னிடம் வந்து, “வுடுங்க. நான் ஊட்ல இருந்தே ஒட்டிக் குடுக்கறேன். எனக்கு அது போதும்” என்றாள்.

அவள் அதைச் சொல்லி முடித்த அதே நேரத்தில்தான் தம்பி, நீ டென்ஷனைப் பற்றிக் கேட்டாய். வைத்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் நான் யாருடனும் சரியாகப் பேசவில்லை. கடைக்கு வந்தவர்களிடம்கூட. பூக்கார அம்மா ஒருமுறை, “உன் சாமான் மட்டும் அதுக்குப் புடிக்கலயா? சாமி கீமி கோவிச்சுகினு கீதா?” என்று கேட்டார். முறைத்தேன். தாளின் இரண்டு பக்கத்தையும் மனப்பாடமே ஆகிவிடுமளவுக்குப் பார்த்தேன். ஜன்னல் வெட்டிய பத்திரிகை ஓரம் கிழிந்துவிட்டது.

கோயில் நடை சாத்துகிற மத்தியான நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்வது என் வழக்கம். இரண்டாம் நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. நம் கடை இன்வெர்ட்டரில் ஒரு ஃபேனும், அம்மன் படத்துக்கு மேலே உள்ள சிவப்பு பல்பும்தான் ஓடும். கடையே சிவப்பாக இருந்தது. சும்மா இருக்கிற நேரத்தில் மீதித் திரி பாக்கெட்டுகளுக்கு ஒட்டலாம் என்று ஸ்டிக்கர் தாள் ஒன்றை எடுத்தேன். வெறும் தாள். பாய் அச்சடிக்காத தாளையும் சேர்த்துக் கட்டிவிட்டாரா என்று இன்னொன்றை எடுத்தேன். அதுவும் வெறும் தாள். இன்னொன்று. அதுவும்.

ஷட்டர் பக்கம் போய் வெளி வெளிச்சத்தில் பிடித்தேன். கோடுகள் இருந்தன. பல்புக்குக் கீழே கொண்டுவந்தேன். கோடுகள் இல்லை.

திரும்ப வாசலுக்குப் போனேன். திரும்ப உள்ளே வந்தேன். பார்ப்பவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள். பிறகு ஸ்கேனரை எடுத்து விசையை அழுத்தி, அதன் வெளிச்சத்தை என் உள்ளங்கையில் விழவிட்டுப் பார்த்தேன். சிவப்பு. அது பார்ப்பது தன்னுடைய அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் மட்டும்தான். அந்த வெளிச்சத்தில் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் அதற்கு ஒன்று. போன் நம்மைப் போல எல்லா வெளிச்சத்திலும் பார்க்கிறது, அதனால் படித்துவிட்டது. செட்டிங்கில் நான் எதையும் தட்டவில்லை, தம்பி. அதை மட்டும் பெரிய எழுத்தில் எழுத ஆசை.

கண்டுபிடித்த சந்தோஷம் வரும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எல்லா நிறத்தையும் விட்டுவிட்டு, அந்த மிஷினால் பார்க்கவே முடியாத ஒரு நிறத்தைத் தேடிப் பிடித்து, மெனக்கெட்டு அடித்து, சாக்குச் சாக்காக ஒட்டி வைத்திருக்கிறோம். இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது? சிவப்பு வேண்டும் என்று சொன்னது நான் என்றாலும், கருப்பு வேண்டாம் என்றது அவள். “என்னாலதான்” என்பாள். அதோடு கல்லா முடிந்தது.

கருப்பில்லாமல் வேறு எது? பல்புக்குக் கீழேயே நின்று யோசித்தேன். எதிரே வளையல் அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. சிவப்பு வளையல் வெளிறித் தெரிந்தது. மஞ்சள் காணாமலே போய்விட்டது. நீலம் இருட்டாக இருந்தது. வளைகாப்புக்கு வாங்குகிற பச்சை வளையல், கரியில் முக்கி எடுத்த மாதிரிக் கருப்பாக இருந்தது. கழற்றிக்கொண்டுபோய் வாசலில் பார்த்தேன். நல்ல பச்சை. கரண்ட் வந்து டியூப்லைட் எரிந்தபோது நான் வளையலைக் கையில் வைத்துக்கொண்டு ஷட்டரடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

“அந்த மிஷினுக்குச் செவப்பு தெரியாதாம்.”

தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள். “இன்னாது?”

“அதுல வர்ற வெளிச்சமே செவப்பு. அதனால செவப்புல எழுதுனா அதுக்கு ஒன்னும் தெரியல.”

கரண்டியைச் சோற்றுப் பானையிலேயே வைத்தாள். பிறகு, “அதுக்கும் என்ன மாதிரி கண்ணு கோளாறா?” என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நவராத்திரிக்குப் பிறகு தன் கண்ணைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. என்னால் சாப்பிட முடியவில்லை.

சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. “அப்ப நான் ஒட்டுனதெல்லாம்?”

“மேலயே இன்னொன்னு ஒட்டணும்.”

“தொடச்சுப் போட்டாங்கப்பா என் வேலைய! வாங்குறதுக்கு முன்னாடி இத ஒருத்தரும் சொல்லமாட்டாங்களா? அவ்ளோ பெரிய தாளு குடுத்தானே, அதுல எழுதக் கூடாதா?”

“பச்சையில அடிக்கலாமான்னு பாக்கறேன்.”

“பச்சைன்னா சரி” என்றாள் உடனே. “பச்சை அம்மனுக்கு ஆவும். வெள்ளிக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீதுன்னு தெரியுமில்ல?”

தெரியும். மறுநாள் காலையில் ஸ்கேனரையும் அதோடு வந்த கோட்டுத் தாளையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் பூந்தமல்லிக்குப் போனேன். குமணன்சாவடி சிக்னலில் நிற்கிற நேரம்கூட எனக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு தாளைக் கரும்பச்சையில் அடித்துத் தரச் சொன்னேன். அங்கே என் கம்ப்யூட்டர் இல்லையே, எப்படிச் சோதிப்பது? அன்றைக்கு என் உயிரை வாங்கிய ஸ்டோரேஜ் மோடு ஞாபகம் வந்தது. அதில் போட்டால் கம்ப்யூட்டர் இல்லாமலே படித்துக் கத்தும். அந்தக் கோட்டைக் காட்டிவிட்டு, பாய் நீட்டிய பச்சைத் தாளைக் காட்டினேன்.

கீ.

“கத்துதுண்ணே!” என்றார் பாய், என்னைவிடச் சத்தமாக. “இந்தச் செவப்பு சமாச்சாரம் சத்தியமா எனக்கும் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.” பாவம், அவர் முகம் வாடிவிட்டது. அவரை என்ன சொல்ல? கடைக்கு வந்திருந்த வேறு வேலையை ஒதுக்கிவிட்டு, எனக்கு எல்லாவற்றையும் அடித்து முடித்துத்தான் அனுப்பினார்.

ஒட்டியது மறுபடியும் உங்கள் அம்மாதான். சிவப்பு ஸ்டிக்கரின் ஓரம் விரலில் தட்டுமாம், அதன் மேலேயே சரியாகப் படிய வைத்தாள். நானும் உட்கார்ந்தேன். நான் ஒட்டியதில் பாதி சுருக்கம். “நீங்க தாளப் பிரிச்சுக் குடுங்க, அது போதும்” என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஆடி முதல் வெள்ளி. தலைக்குக் குளித்து, பூ வைத்து, காலையிலேயே என்னோடு வண்டியில் வந்தாள். பூக்கார அம்மா எழுந்து ஓடிவந்து, “வாக்கா! உன் ஊட்டுக்காரு மூஞ்சியப் பாத்துப் பாத்து என் பூவெல்லாம் கருகிப்பூடுச்சுக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட்டம் வரத் தொடங்கியது. முதலில் வந்த பெண் மஞ்சள் கயிறும் குங்குமமும் நீட்டினாள். அம்மா கயிறு பாக்கெட்டை வாங்கி, விரலால் ஸ்டிக்கரைத் தேடி, ஸ்கேனரைக் காட்டினாள்.

கீ.

திரையில் ஒன்றும் வரவில்லை.

இன்னொரு தடவை காட்டினாள். கீ. திரை காலி. வரிசையில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவள் ஸ்கேனரை மேஜை மேல் வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள். “நான்தான் தப்பாப் புடிக்கிறேன் போல” என்று எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். எழுந்துவிடப் போகிறாள் என்று தெரிந்தது.

“நீ இல்ல! நான்! நான்தான்!” என்று கத்தினேன். கடை வாசலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூந்தமல்லியில் ஸ்டோரேஜ் மோடில் போட்டேனே, திரும்ப மாற்றினேனா? மாற்றவில்லை. மஞ்சள் பையைத் தேடினேன். பை இருந்தது, தாள் இல்லை. கல்லாவுக்கடியில் இல்லை, வண்டிப் பெட்டியில் இல்லை. சட்டைப் பையில் இருந்தது, நான்காக மடித்து, வியர்வையில் நனைந்து. மறைத்துக் காட்ட அந்தப் பத்திரிகை கையில் இல்லை. பழையபடி மாற்றுகிற கோட்டை மட்டும் விட்டு, இரண்டு உள்ளங்கையாலும் பக்கத்துக் கோடுகளை மூடிக்கொண்டு, “இப்ப அழுத்து” என்றேன். அவள்தான் விசையை அழுத்தினாள். பிறகு கயிறு பாக்கெட்டைக் காட்டினாள்.

மஞ்சள் கயிறு. விலை. கொட்டை கொட்டையாக.

அவள் அந்த எழுத்தைப் பார்த்தாள். வந்த பெண்ணைப் பார்த்தாள். “பெருக்குக்கு மாத்தவா? சாமி கிட்ட வச்சு எடுத்துகினு போம்மா” என்றாள். அதற்குப் பிறகு நான் மூட்டை பிரிக்கப் போய்விட்டேன். நடுவில் ஸ்கேனர் தூங்கிவிட்டது, ஒரு வளையல் அட்டையில் ஸ்டிக்கர் உரிந்துவிட்டது, பிரிண்டரில் தாள் சிக்கியது. ஒவ்வொன்றுக்கும் நான் மூட்டையை விட்டு ஓடிவந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் நடை சாத்தியதும் அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டி மேஜையில் தட்டுப்பட்ட ஒரு பாக்கெட்டை எடுத்தேன். ஸ்டிக்கர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தடவினேன். புரட்டினேன். இன்னொரு கையால் ஸ்கேனரைத் தேடும்போது டப்பா ஒன்று கீழே விழுந்தது. அழுத்தினேன், சத்தமில்லை. திருப்பிப் பிடித்து அழுத்தினேன், சத்தமில்லை. கண்ணைத் திறக்காமல், அது கீ என்று சொல்கிறவரைக்கும் பாக்கெட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.